சீதனக் காசில் ஒரு கடனட்டை

போன மாதம் எங்கள் கிளையிலிருந்து தர்சிகா தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த மேசையில் இப்போது இருக்கிற பிள்ளை. "மிஸ், வங்கி புதுசா ஒரு கார்ட் விடப்போகுது. சம்பளத் துண்டு கேக்கமாட்டினமாம். நிலையான வைப்பைப் பிணையா வைச்சால் காணுமாம். பயிற்சிக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கினம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புதுசோ? அதை நான் வவுனியாவில குடுக்கேக்கை நீர் பால் போத்திலோட திரிஞ்சிருப்பீர்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கதை கதையாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள். "மிஸ், இதையெல்லாம் எழுதித் தாங்கோவன், நாங்கள் எல்லாரும் வாசிப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஓய்வு பெற்ற மனுஷியிடம் இப்படிக் கேட்கக்கூடாது. கேட்டால் நிறுத்தமாட்டோம்.

நான் யாழ்ப்பாணத்தில் இலிகிதராகச் சேர்ந்து, இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, அங்கேயே வேர்விட்டவள். கார்ட் வேலைக்கு எனக்குக் கிடைத்த பயிற்சி கொழும்பில் ஒரு கிழமை. குளிரூட்டிய அறையில் நடுங்கிக்கொண்டு இருந்தோம். ஒரு தடித்த கோப்பும் தடிமனும் கொண்டு திரும்பி வந்தேன். மற்றதெல்லாம் மேசையில் இருந்து படித்ததுதான்.

அது சண்டை நின்றிருந்த காலம். கண்டி வீதி திறந்திருந்தது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து விடியப் புறப்படும் சனம், இராணுவத்தின் சோதனைச் சாவடியிலும் இயக்கத்தின் சாவடியிலும் பையைத் திறந்து காட்டி, மூடி, மறுபடியும் திறந்து காட்டி, நாங்கள் கதவு திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்கும். பயறும் தேனும் கொண்டுவந்து தருவார்கள். பாலைப்பழக் காலத்தில் பழத்தைத் தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விரலோடு படிவத்தைப் பிடிப்பார்கள். ஒரு படிவத்தோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரும். நான் ஏசுவேன். "பிள்ளை, நீங்களும் ரெண்டு தின்னுங்கோவன், கோவம் போயிடும்" என்பார்கள். அந்தச் சனத்தையும் அந்த ஒட்டுப்பிடித்த படிவங்களையும் நினைத்தால், ரெண்டு பழம் தின்றிருக்கலாமே என்று இப்போது இருக்கிறது. அப்போது கோபம்தான் வந்தது.

எங்கள் ஊருக்கு இந்தப் பிணைக் கார்ட் ஏன் தேவைப்பட்டது என்று தர்சிகாவுக்குத் தெரிய வழியில்லை. சாதாரணக் கடனட்டைக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வரும். பள்ளி அதிபருடையது வந்தது. ஆஸ்பத்திரி டொக்டருடையதும் வந்தது. காரணம் ஒன்றேதான்: முகவரியைச் சரிபார்க்க முடியவில்லை. சரிபார்க்க வேண்டியவர் மதவாச்சியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததே இல்லை. டொக்டருக்கு அதைச் சொல்லப்போனது நான். "அப்ப நான் எங்க இருக்கிறன் எண்டு அவையளுக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு, எனக்கு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரத்தம் குறைவு என்று குளிசை எழுதித் தந்தார்.

அந்த நேரத்தில்தான் பிணைக் கார்ட் வந்தது. வங்கியில் நிலையான வைப்பு இருந்தால் போதும். வைப்பு உங்கள் பேரிலேயே இருக்கும், வட்டியும் வரும். ஆனால் கார்ட் உங்கள் கையில் இருக்கும்வரை வைப்பைத் தொட முடியாது. நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். முகவரியும் தேவையில்லை, சம்பளமும் தேவையில்லை.

எங்கள் முகாமையாளர் இராசநாயகம் சேர் திருகோணமலைக்காரர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். மாடு மேய்க்கிற கோலோடு வந்தவருக்கும் எழும்புவார். அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. "வேற ஒரு வழி பாப்பம்" என்பார். அந்த வேறு வழியைப் பார்க்கிற வேலை என் தலையில் விழும்.

கார்ட் விஷயத்தில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நிபந்தனைகளை நான் வாசித்துக் காட்டுவேன். வாடிக்கையாளர் தலையாட்டுவார். சேர் விடமாட்டார். "விளங்கினதெண்டால் சந்தோசம். இப்ப அதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ" என்பார். தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்வரை பேனையைக் கையில் கொடுக்கமாட்டார். பிறகு வைப்பு ரசீதின் பின்பக்கத்தில் வாடிக்கையாளர் கையெழுத்து, அதற்குக் கீழே எங்கள் பிணை முத்திரை. ரசீது இரும்புப் பெட்டிக்குள் போகும். கார்ட் கொழும்பிலிருந்து ஒரு உறையில் வரும், இரகசிய இலக்கம் வேறொரு உறையில் வரும். ஒன்று என் பொறுப்பு, மற்றது காசாளர் பொறுப்பு. இரண்டையும் ஒரே ஆள் தொட்டால் சேருக்கு முகம் கறுத்துவிடும்.

கடைசியாகக் கார்டுக்கு உயிர் கொடுக்கக் கொழும்புக்கு அழைப்பு எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை தாயின் கன்னிப் பெயரைக் கேட்பாள். எங்கள் சனத்துக்கு அதைப்போல ஒரு சங்கடம் வேறில்லை. "அம்மா கலியாணத்துக்கு முன்னமும் அன்னலட்சுமி, பிறகும் அன்னலட்சுமிதானே" என்பார் ஒருவர். "என்ர அம்மாவைப் பற்றி ஏன் கேக்கிறியள்?" என்று இன்னொருவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அம்மாவின் தகப்பன் பெயரைச் சொல்லுங்கோ என்று எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். செத்துப்போன அம்மப்பாக்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்து போனார்கள்.

வதனி அந்த நாட்களில்தான் வந்தாள். ஸ்கந்தபுரத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் தனியாக வயல் செய்தவர். வதனி நெளுக்குளத்தில் சின்னம்மா வீட்டில் தங்கி, இலண்டன்காரர் நடத்துகிற கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக் கட்டணத்தைப் பவுணில் கட்ட வேண்டும். ஒருமுறை வங்கி வரைவு எடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தாள். அது போய்ச் சேர்வதற்குள் கடைசித் திகதி போய்விட்டது. முழுதாய் அரை வருடப் படிப்பு வீண். கார்ட் இருந்தால் தொலைத்தொடர்பு நிலையத்தில் கணினியில் இருந்தபடியே கட்டலாம் என்று யாரோ சொல்லி வந்திருந்தாள்.

"வைப்பு இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. என்ர பேரிலதான்."

கனடாவில் இருக்கும் மாமன் அனுப்பியதும், தாய் நெல் விற்றுச் சேர்த்ததும். சீதனத்துக்கென்று போட்ட காசு. அதை அவள் ஒளிக்கவில்லை. சேர் முன்னால் இருந்து நிபந்தனையைத் திருப்பிச் சொன்னாள்: "காசு என்ர. ஆனா இந்தக் கார்ட் என்னட்ட இருக்கிறவரைக்கும் அதை நானும் தொடேலாது, வேற ஒருத்தரும் தொடேலாது. கார்டைத் தந்து கையெழுத்து வைச்சால்தான் விடுவியள்." சேர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாசித்துக் காட்டிய நிபந்தனையை விட அது தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கட்ட வேண்டியதைக் கட்ட வருவாள். கட்டிவிட்டுப் போகமாட்டாள். என் மேசைக்கு முன்னால் இருந்து, தொலைத்தொடர்பு நிலையத்துக்காரன் அடுத்த கணினியில் படம் பார்த்துக்கொண்டு இவளுடைய கார்ட் இலக்கத்தை எட்டிப் பார்த்ததையும், இவள் பையால் மறைத்ததையும் நடித்துக் காட்டுவாள். வேலை முடிந்தால் இருவரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரோல்ஸ் தின்போம். நான் கலியாணம் கட்டாதவள். அண்ணன் வீட்டில் இருந்தேன். அங்கே என் கதையைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. அவள் வருகிற நாளுக்கென்று நான் கதை சேர்த்து வைத்திருப்பேன், நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் முறைக்கு முன்னதாகவே வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நாளைக்கு அம்மா வாறா."

"வரட்டும். நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

"ரசீதைக் கேக்கப்போறா. சம்பந்தம் ஒண்டு பொருந்தியிருக்கு. சாவகச்சேரிப் பக்கம். வாத்தியார். மாப்பிள்ளையின்ர தகப்பன் வைப்பு ரசீதைக் கண்ணால பாக்கவேணுமாம்."

"பாத்திட்டுக் குடுக்கட்டுமன்."

"பின்பக்கத்தில உங்கட முத்திரை கிடக்கே அக்கா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீதனக் காசுக்குப் பின்னால் வங்கியின் பிணை முத்திரை. பெண் வீட்டார் காட்டக்கூடாத ஒன்று இருந்தால் அது அதுதான்.

"கார்டைத் திருப்பித் தாரும். இண்டைக்கே பிணையை எடுத்துவிடுறன்" என்றேன்.

"தந்தால் மார்கழிச் சோதினைக்கு என்னெண்டு காசு கட்டுறது?"

"மாப்பிள்ளை பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கேல்லை எண்டு சொல்லேல்லை. நல்ல ஆள் எண்டுதான் தெரியுது. சோதினையையும் விட்டுப்போட்டு அவரையும் கட்டினால், பிறகு அவரைப் பாக்கிற நேரமெல்லாம் சோதினைதான் ஞாபகம் வரும்."

நான் சேரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வைப்பு ஆற்றை பேரில?"

"பிள்ளையின்ர பேரில, சேர்."

"அப்ப தாய் வந்து கேட்டாலும் நாங்கள் வாய் திறக்கேலாது. பிள்ளைதான் சொல்லவேணும். சொல்லுறதுக்கு என்ர அறை இருக்கு. நாளைக்கு அவளையும் வரச்சொல்லுங்கோ."

மறுநாள் முதல் பஸ்ஸில் தாய் வந்தார். மனோன்மணி என்று பெயர். என் வயதுதான் இருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு, குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். சேர் எழுந்து நின்று கதிரையை இழுத்துவிட்டார். தேத்தண்ணி வந்தது. வதனி தலையைக் குனிந்துகொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த அம்மா குடையைக் கக்கத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தார். பிறகு கேட்டார்: "சீதனக் காசை அடைவு வைச்சிட்டியோ?"

"அடைவு இல்லை அம்மா" என்று சேர் விளக்கத் தொடங்கினார். "காசு பிள்ளையின்ர பேரிலதான் இருக்குது. வட்டியும் வருகுது. ரசீது மட்டும்தான் எங்கட பெட்டிக்குள்ள."

"ஐயா, என்ர காப்பு எத்தினை தரம் அடைவுக்குப் போய் வந்திருக்கு. அடைவுக்காரன் சாமானை எடுத்தால் துண்டையாவது கையில தருவான். இஞ்ச சாமானும் உங்களிட்ட, துண்டும் உங்களிட்ட. அப்ப இது அடைவிலும் கேடெல்லோ?"

"அம்மா சொல்லுறது சரி" என்றார் சேர். அத்தனை வருடத்தில் அவர் வேறு வழி பார்க்காமல் ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கக்கூடிய இடமா அது? சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு பாடம்தான் அம்மா. அது முடிஞ்சால் நானே உழைச்சு..."

"நீ உழைச்சு ஆருக்கடி சீதனம் குடுக்கப்போறாய்?"

வதனி அழத் தொடங்கினாள். சேர் என்னைப் பார்த்துக் கண்ணால் வாசலைக் காட்டினார். முகாமையாளரின் அறையில் தாயையும் மகளையும் விட்டுவிட்டு, முகாமையாளர் வெளியே வந்து காசாளர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். வரிசையில் நின்ற சனம் அவரும் ஏதோ காசெடுக்க நிற்கிறார் என்று நினைத்து விலகி இடம் விட்டது. அவர் நகரவில்லை. உள்ளே அவருடைய தொலைபேசி அடித்தது, கொழும்பாகத்தான் இருக்கும். அடித்து ஓயும்வரை அப்படியே நின்றார். நான் பிறகு எத்தனையோ முகாமையாளர்களின் கீழ் வேலை செய்தேன். அறையை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே நின்றவர் அவர் ஒருவர்தான்.

கதவு திறந்தபோது தேத்தண்ணிக் கோப்பை வெறுமையாக இருந்தது. "சரி ஐயா. சோதினை முடிய ரசீது வரும் எண்டு அவையிட்டச் சொல்லிப் பாக்கிறன்" என்றார் மனோன்மணி. சொல்லிப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பன் பொறுக்கவில்லை. வங்கி முத்திரை விழுந்த சீதனம் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சம்பந்தம் குழம்பிப்போனது.

வதனி அதற்காக அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் முன்னால் அழவில்லை. மார்கழிச் சோதினை எழுதினாள், ஒரு பாடம் சித்தியடைந்தாள். இன்னும் ஒன்று மிச்சம். அந்த அம்மா மட்டும் என்னை மன்னிக்கவில்லை. வங்கிக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படியாக, "இவாதான் என்ர பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்பின ஆள்" என்பார். சொல்லிவிட்டு ஒரு பை பயறை மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. வீதி ஒருநாள் திறக்கும், ஒருநாள் பூட்டும். தாய்க்குக் காய்ச்சல் என்று செய்தி வந்து வதனி ஸ்கந்தபுரத்துக்குப் போனாள். போகுமுன் என்னிடம் வந்து, "அடுத்த கிழமை வந்திடுவன் அக்கா" என்றாள். அந்த ஆவணியில் சண்டை மறுபடி மூண்டது. வீதி முற்றாகப் பூட்டுப்பட, உள்ளே போனவர்கள் உள்ளேயே நின்றார்கள். வெளியே வர இயக்கம் அவளுக்கு அனுமதி கொடுக்கவில்லை.

நீண்ட நாளுக்குப் பிறகு கிளிநொச்சியிலிருந்து ஒருமுறை கிளைக்கு அழைப்பு எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அக்கா, என்ர கார்ட் காலாவதியாயிருக்குமே?"

"புதுக் கார்ட் வந்து பெட்டிக்குள்ள கிடக்கு. வந்து எடும்."

"ஓம் அக்கா, வாறன். ஆனியிலயும் சோதினை இருக்குத்தானே?"

"இருக்கு. எல்லா ஆனியிலயும் இருக்கு."

அவ்வளவுதான். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க இணைப்பு அறுந்துவிட்டது. வாடிக்கையாளர் எடுக்காத கார்டைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. சேர், 'வாடிக்கையாளர் வருவதற்கு வழி இல்லை, வரும்வரை கிளையில் இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கொஞ்சக் காலத்தில் அவரும் ஓய்வு பெற்றுத் திருகோணமலைக்குப் போய்விட்டார்.

சண்டை முடிந்த ஆண்டு செட்டிகுளம் பக்கத்து முகாம்களுக்குச் சனம் வந்து குவிந்தது. வங்கி முகாமுக்குள் தகரக் கொட்டகை ஒன்றில் காசெடுக்க ஒரு கருமபீடம் திறந்தது. என்னை அனுப்பினார்கள். அனுப்பாவிட்டாலும் கேட்டுப் போயிருப்பேன். தண்ணீரில் நனைந்து காய்ந்து அப்பளமாகிப்போன சேமிப்புப் புத்தகங்களோடு சனம் வரும். ஒவ்வொரு பக்கத்தையும் சவர அலகால் பிரிப்பேன். பிரித்துக்கொண்டே வரிசையைப் பார்ப்பேன். வதனியைப்போல நெட்டையாக, ஒற்றைப் பின்னலோடு ஒரு பிள்ளை நின்றால் கை நின்றுவிடும்.

ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு மனுஷியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாகிவிட்டிருந்தார்.

"என்னைத் தெரியேல்லையோ? என்ர பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்பின ஆளெல்லோ நீங்கள்."

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. நான் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை எங்க?"

"தெரியாது." முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "மாத்தளனில சண்டைக்குத் தப்பித் தண்ணிக்குள்ளால வரேக்கை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான். சனம் நெருக்கித் தள்ளினது. நான் விடேல்லை. கரையில ஏறிப் பாத்தால் நான் பிடிச்சிருந்தது வேற ஆற்றையோ பிள்ளையின்ர கை." பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "அந்தப் பிள்ளையைத் தாயிட்டக் குடுத்திட்டன்."

பார்த்தவர் யாரும் இல்லை. செத்தாள் என்று சொன்னவர்களும் இல்லை, இருக்கிறாள் என்று சொன்னவர்களும் இல்லை. எந்த முகாமிலும் பெயர் இல்லை.

அந்த ஆண்டு முடிவில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கார்ட் வகைகள் எல்லாம் மாறுகின்றன. புது நிறம், புதுப் பெயர், புதுச் சலுகை. வடக்கு முகவரிகளுக்கும் இனிச் சாதாரணக் கார்ட் கிடைக்கும். பிணைக் கார்ட் நிறுத்தப்படுகிறது. பழைய கார்டுகளை வாங்கி வெட்டிவிட்டு, வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெற்றுப் பிணையை நீக்க வேண்டும். இத்தனை வருடம் வேண்டிக் கிடந்த செய்தி. வாசித்துவிட்டு நான் கதிரையில் அப்படியே இருந்தேன். எங்கள் முகவரியை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த முகவரியில் இருந்த சனம்தான் எங்கே என்று தெரியவில்லை.

மனோன்மணி அம்மாவை முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பிப் போகும் வழியில் கிளைக்கு வந்தார். கையில் ஒரு சாக்குப் பை. அங்கே வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது என்று முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். புது முகாமையாளர் இளம் ஆள், நல்ல மனம் உள்ளவர். அவருக்கு உதவி செய்ய விருப்பம். மெதுவாகத்தான் சொன்னார்.

"அம்மா, இப்ப பிணைக் கார்டை நிப்பாட்டுறம். அந்த வைப்பை விடுவிக்கலாம். ஒரே ஒரு பத்திரம்தான் வேணும். மகளுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தீங்களெண்டால் காசு முழுக்க உங்களுக்கு வரும். வீட்டைக் கட்டலாம். இப்ப உடன எடுக்கலாம், கனபேர் எடுக்கினம்."

அந்த அம்மா எழுந்து வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். வதனி இருக்கிற கதிரை அது.

"தங்கச்சி," என்றார். முதன்முறையாக அப்படிக் கூப்பிட்டார். "அதை எடுக்கேலாதெண்டு சொல்லுங்கோ."

"எதை அம்மா?"

"காசை. அடைவு வைச்சவள் வந்து மீக்கும்வரைக்கும் அது உங்கட பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும்."

"வங்கி அந்தக் கார்டையே நிப்பாட்டுதம்மா. உங்களுக்கும் இப்ப காசு தேவை..."

"அதுக்குத்தான் கேக்கிறன்." குரலைத் தாழ்த்தினார். "கனடாவில இருக்கிற தம்பி சொல்லுறான் எடு எண்டு. ஊர்ச்சனம் சொல்லுது எடு எண்டு. இப்ப நான் மாட்டன் எண்டு நிக்கிறன். நாளைக்கு மழை பெய்யும். கூரை இல்லை. பசிக்கும். நானும் மனுசிதானே தங்கச்சி. என்னை அறியாமல் போய்க் கையெழுத்து வைச்சு என்ர பிள்ளையைச் சாகக் குடுத்திடுவன். எனக்கே எடுக்கேலாதபடி வைச்சிருங்கோ."

சுற்றறிக்கையை இழுத்து எடுத்து மறுபடி வாசித்தேன். 'வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெற்று' என்று அதிலேயே எழுதியிருந்தது. அதைக் கொண்டுபோய்ப் புது முகாமையாளருக்குக் காட்டினேன். பிணையை நீக்க வதனியின் கையெழுத்து வேண்டும், அது இல்லை, ஆகவே நீக்க முடியாது என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் என்னையும் பார்த்தார், வெளியே இருந்த அந்த அம்மாவையும் பார்த்தார். "சட்டப்படி வேற வழி இருக்கு மிஸ்" என்றார். "தெரியும் சேர்" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

திரும்பி வந்து, "ஏலாதாம் அம்மா. பிள்ளை வந்தால்தான் விடுவினமாம்" என்றேன். அந்த முகத்தில் வந்த ஆறுதலை நான் வேறு எந்த வாடிக்கையாளர் முகத்திலும் கண்டதில்லை. காசு கிடைக்காது என்று சொல்லி நன்றி வாங்கியது அன்றைக்கு மட்டும்தான். சாக்குப் பையை எடுத்துக்கொண்டு ஸ்கந்தபுரம் பஸ்ஸுக்குப் போனார். கூரையைக் கிடுகால் வேய்ந்து, தறப்பாளை மேலே கட்டி, அந்த மாரியை அதற்குள்தான் கழித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வைப்பு இன்னும் இருக்கிறது. முடிகிற நாளில் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது, பிணையும் அப்படியே கிடக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வேலை போனது எனக்குத் துக்கமில்லை. ஒன்றே ஒன்றுதான் மனதை அரிக்கிறது. வதனி வருகிற நாளில் அந்த மேசையில் நான் இருக்கமாட்டேன். தர்சிகா, அவளுக்கு உங்களில் யாரையும் தெரியாது. வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்பாள். இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எனக்கு ஒரு அழைப்பு எடுங்கள், ஆட்டோ பிடித்து ஓடி வருகிறேன். அதுவரை அவளைக் கதிரையில் இருத்தி, ஏதாவது கதை கொடுத்துக்கொண்டிருங்கள்.